மனைவி ரத்த ரிப்போர்ட்ல மைக்ரோசைட்டிக் ஹைப்போகுரோமிக், டார்கெட் செல்ஸ்னு போட்டிருக்கு, இது என்ன வியாதி?

நெல்லைக்காரன்_87:

வணக்கம் நண்பர்களே. என் வொய்ஃப் மாசமா இருக்கா, ஸ்கேன்ல 9 வாரம்னு சொல்லிருக்காங்க. மொத செக்கப்புக்கு எடுத்த ரத்த டெஸ்ட் ரிப்போர்ட் நேத்து சாயங்காலம் வாட்சப்ல வந்துச்சு, டாக்டர பாக்க திங்கக்கிழமைதான் டோக்கன், அதுவரைக்கும் பொறுக்க முடியாம நானே ஒவ்வொரு வார்த்தையா நெட்ல போட்டு தேடினேன், தேடினதுல தூக்கம் போனதுதான் மிச்சம்.

ரிப்போர்ட்ல இருக்கறது அப்படியே தரேன். ஹீமோகுளோபின் 10.2, ஆர்பிசி 5.4 மில்லியன், எம்சிவி 62, எம்சிஹெச் 18.9, ஆர்டிடபிள்யூ 15.8, வெள்ளையணு 9,800, பிளேட்லெட் 2.4 லட்சம். எம்சிவி, எம்சிஹெச் ரெண்டுக்கும் பக்கத்துல கீழ்நோக்கி அம்புக்குறி. அதுக்கு கீழ பெரிபெரல் ஸ்மியர்னு தலைப்பு போட்டு "மைக்ரோசைட்டிக் ஹைப்போகுரோமிக் ஆர்பிசி, மைல்டு அனிசோபாய்கிலோசைட்டோசிஸ், டார்கெட் செல்ஸ் சீன், டபிள்யூபிசி பிளேட்லெட் அடிக்வேட், அட்வைஸ் ஹெச்பிஎல்சி, ஃபெரிட்டின்"னு எழுதிருக்காங்க.

அவளுக்கு ஸ்கூல் படிக்கும்போதுலேர்ந்தே ரத்தம் கம்மின்னு சொல்லி இரும்புச்சத்து மாத்திரை குடுத்துட்டேதான் இருக்காங்க, ஆனா ஹெச்பி 10, 10.5 தாண்டினதே இல்லயாம். பாக்க நல்லா தெம்பாதான் இருக்கா, வீட்டு வேலை ஆபீஸ் வேலை எல்லாம் பாக்கறா. நெட்ல தேடினா எல்லாத்துக்கும் கடைசில லுகீமியா லிம்ஃபோமான்னுதான் வந்து நிக்குது. இது ரத்த புத்துநோய் சம்பந்தப்பட்டதா? ஹெச்பிஎல்சின்னா என்ன, எதுக்கு அது? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ், அவகிட்ட இன்னும் எதுவும் சொல்லல.

வயலட்_மூடி:

ப்ரோ மொதல்ல தண்ணிய குடிங்க. நான் லேப் டெக்னீசியன், டாக்டர் இல்ல, அதனால மருந்து பத்தி பேச மாட்டேன், வார்த்தைகள மட்டும் பிரிச்சு சொல்றேன். இதுல எதுவுமே வியாதியோட பேரு கிடையாது. ஸ்லைட்ல ஒரு சொட்டு ரத்தத்த தேச்சு மைக்ரோஸ்கோப்ல பாத்தா அணுக்கள் எப்படி தெரியுதோ அதத்தான் எழுதிருக்காங்க.

எம்சிவின்னா சிவப்பணுவோட சராசரி சைஸ். 80லேர்ந்து 100 ஃபெம்டோலிட்டர் வரைக்கும் நார்மல். உங்க வீட்ல 62, அதாவது அணு ரொம்ப சின்னது, அதான் மைக்ரோசைட்டிக். எம்சிஹெச்ன்னா ஒரு அணுக்குள்ள எவ்ளோ ஹீமோகுளோபின் இருக்குங்கறது, 27க்கு மேல இருக்கணும், அது கம்மியா இருந்தா கலர் வெளுத்துப் போகும், அதான் ஹைப்போகுரோமிக். நல்ல சிவப்பணுவுக்கு நடுவுல மூணுல ஒரு பங்கு வெளுப்பா தெரியும், இதுல அந்த வெளுப்பு அகலமாகி ஓரத்துல மட்டும் கலர் இருக்கும். அனிசோன்னா சைஸ் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகல, பாய்கிலோன்னா உருவம் ஒரே மாதிரி இல்ல, ரெண்டையும் சேத்து ஒட்டினதுதான் அந்த நீளமான வார்த்தை, முன்னாடி மைல்டுன்னு வேற போட்டிருக்காங்க. டார்கெட் செல்னா துப்பாக்கி சுட்டு பழகற போர்டு மாதிரி நடுவுல ஒரு பொட்டு, சுத்தி வெளுத்த வளையம். ஆர்டிடபிள்யூங்கறது சைஸ் எந்த அளவுக்கு ஏறி இறங்கி இருக்குன்னு மெஷினே கணக்கு போட்டு தர்ற நம்பர்.

புத்துநோய் பயத்துக்கு வரேன். நெட்ல தேடும்போது லுகோசைட்டோசிஸ் பாத்திருப்பீங்க, லுகீமியா பாத்திருப்பீங்க, ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சிருப்பீங்க. லுகோசைட்டோசிஸ்னா வெள்ளையணு எண்ணிக்கை கூடிருக்குன்னு மட்டும்தான் அர்த்தம், காய்ச்சல், சளி, இன்ஃபெக்‌ஷன், ஏன் கர்ப்பத்துலயே கூடும். லுகீமியாதான் புத்துநோய், அதுல ஸ்மியர்ல பெரும்பாலும் பிளாஸ்ட்ஸ், இல்ல இம்மெச்சூர் செல்ஸ்னு எழுதுவாங்க, அப்படி எதையாவது பாத்தா நாங்க வாட்சப்ல அனுப்பிட்டு உக்காந்திருக்க மாட்டோம், அப்பவே டாக்டருக்கு போன் போய்டும். உங்க ரிப்போர்ட்ல வெள்ளையணு, பிளேட்லெட் ரெண்டும் அடிக்வேட், அதாவது போதுமான அளவு இருக்கு.

இனிமே எந்த ரிப்போர்ட் பாத்தாலும் வால பாருங்க. பீனியான்னு முடிஞ்சா குறைவு. த்ராம்போசைட்டோபீனியான்னா பிளேட்லெட் குறைவு, நியூட்ரோபீனியான்னா வெள்ளையணுல ஒரு வகை குறைவு, பான்சைட்டோபீனியான்னா மூணு வகையும் குறைவு. சைட்டோசிஸ், ஃபிலியான்னு முடிஞ்சா பெரும்பாலும் கூடுதல், ஈசினோஃபிலியா மாதிரி. ஆனா இத மனப்பாடம் பண்ணிட்டு ஹீமோஃபிலியாவுக்கு போட்டுப் பாக்காதீங்க, அது ரத்தம் உறையாத வியாதி, அங்க கூடுறதுக்கு ஒண்ணும் இல்ல. அனிசோசைட்டோசிஸும் அப்படித்தான், எண்ணிக்கைக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.

இப்ப முக்கியமான விஷயம். எம்சிவி 62ஐ ஆர்பிசி, அதாவது சிவப்பணு எண்ணிக்கை, 5.4ஆல வகுங்க, 11.5 வருது. இதுக்கு மென்ட்சர் இண்டெக்ஸ்னு பேரு, 1973ல மென்ட்சர்ங்கற டாக்டர் சொன்னது. 13க்கு மேல வந்தா இரும்புச்சத்து குறைவா இருக்கலாம், கீழ வந்தா தாலசீமியா ட்ரெய்ட்டா இருக்கலாம், அதாவது ஹீமோகுளோபின் செய்யற மரபணு அம்மா அப்பால ஒருத்தர்கிட்டேர்ந்து மட்டும் மாறி வந்திருக்கறது, கேரியர்னும் சொல்வாங்க. காரணம் சிம்பிள்தான், இரும்பு இல்லன்னா உடம்பு அணுவையே கம்மியாதான் செய்யும், எண்ணிக்கை 4, 3.5னு இறங்கும், ட்ரெய்ட்ல அணு சின்னதா இருந்தாலும் எண்ணிக்கை நார்மலாவோ அதுக்கு மேலயோ இருக்கும். உங்க வீட்டம்மாவுக்கு 5.4. இது ஒரு யூகக் கணக்குதான், முடிவு இல்ல, அதுக்குதான் ஹெச்பிஎல்சி கேட்டிருக்காங்க. ஹீமோகுளோபின்ல ஏ, ஏ2, எஃப்னு வகை இருக்கு, அத தனித்தனியா பிரிச்சு எவ்ளோ சதவீதம்னு காட்டற டெஸ்ட் அது, பீட்டா தாலசீமியா ட்ரெய்ட்னா ஏ2 கூடுதலா காட்டும்.

தங்கவேல்_ரிட்டயர்டு:

தம்பி கவலப்படாதீங்க. இந்த காலத்து லேப்ல டெஸ்டுக்கு மேல டெஸ்ட் எழுதறது வழக்கம். தெனம் காலைல பீட்ரூட் ஜூஸ், ராத்திரி நாலு பேரீச்சம்பழம், வாரத்துல ரெண்டு நாள் சுவரொட்டி வாங்கி வறுத்து குடுங்க, முருங்கக்கீரை சூப். எங்க வீட்ல மூணு பிரசவம் இப்படித்தான் பாத்தோம். நம்ம பக்கம் அந்த தாலசீமியா எல்லாம் கிடையாது, அது வடக்க உள்ளவங்களுக்கு வர்றது.

பாதாலஜி_பிஜி:

ஐயா மன்னிக்கணும், கடைசில சொன்னத அப்படியே விட முடியாது. சிந்தி, பஞ்சாபி, குஜராத்ல சில சமூகங்கள், வங்காளத்துல அதிகம்கறது சரி, ஆனா இங்க கிடையாதுன்னு சொல்லவே முடியாது, நான் வேலை பாக்கற இடத்துல தமிழ் குடும்பங்கள்ல ட்ரெய்ட் ரிப்போர்ட் சாதாரணமா வந்துட்டுதான் இருக்கு. இந்தியா முழுக்க எடுத்தா நூறு பேர்ல மூணு நாலு பேர் பீட்டா தாலசீமியா கேரியர்னு சொல்றாங்க, அதுல முக்காவாசி பேருக்கு தனக்கு இருக்கறதே தெரியாது, ஏன்னா தெம்பாதான் இருப்பாங்க, ரத்தம் கம்மின்னு மாத்திரை மட்டும் வாங்கி சாப்ட்டுட்டே இருப்பாங்க.

சாப்பாடு விஷயம், இரும்பு குறைவுன்னா சுவரொட்டி, கீரை எல்லாம் நல்லதுதான். பீட்ரூட்டுக்கு அந்த கலர் இரும்பால வர்றது இல்ல. ஈரல் மட்டும் கர்ப்பத்துல அதிகம் வேண்டாம், குறிப்பா மொத மூணு மாசம், அதுல வைட்டமின் ஏ ரொம்ப ஜாஸ்தி. ஆனா தாலசீமியா ட்ரெய்ட்டா இருந்தா எத சாப்ட்டாலும் எம்சிவி ஏறாது, குறைபாடு ஹீமோகுளோபினோட பீட்டா சங்கிலிய உருவாக்கற மரபணுல இருக்கு.

நெல்லைக்காரன், திங்கக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இன்னைக்கே லேப்புக்கு போன் போட்டு, எடுத்த ரத்தம் ஃபிரிட்ஜ்ல இருக்கான்னு கேளுங்க, சிபிசிக்கு, அதாவது நீங்க போட்ட அந்த ரத்த அணு எண்ணிக்கை டெஸ்டுக்கு, எடுத்த அதே டியூப்ல ஹெச்பிஎல்சி பண்ணிடலாம், மறுபடி ஊசி குத்த தேவையில்ல. உடம்புல சேமிப்புல இருக்கற இரும்ப காட்டற ஃபெரிட்டினுக்கு மட்டும் வேற டியூப், ரத்தம் இருந்தா அதையும் சேத்து போட சொல்லுங்க, ஏன்னா இரும்பும் குறைவா இருந்தா ஏ2 கொஞ்சம் கம்மியா காட்டி ட்ரெய்ட்ட மறைச்சிட வாய்ப்பு இருக்கு.

அடுத்தது, நீங்களும் போய் குடுங்க. சிபிசி, ஹெச்பிஎல்சி ரெண்டும். அவங்க ரிசல்ட் வரட்டும்னு நிக்காதீங்க. மனைவி மட்டும் கேரியர்னா குழந்தைக்கு தாலசீமியா மேஜர், அதாவது அடிக்கடி ரத்தம் ஏத்த வேண்டிய கடுமையான வகை, வராது, அதிகபட்சம் அம்மா மாதிரி கேரியரா இருக்கும். ரெண்டு பேரும் கேரியர்னா ஒவ்வொரு கர்ப்பத்துலயும் நாலுல ஒரு பங்கு மேஜர் வர சான்ஸ், ஒரு குழந்தைக்கு வந்துட்டா அடுத்ததுக்கு வராதுன்னெல்லாம் கணக்கு கிடையாது. வாரம் ஓடிட்டு இருக்கு, அதனாலதான் அவசரப்படுத்தறேன். ஒண்ணு கேக்கறேன், சொந்தத்துல கல்யாணமா?

நெல்லைக்காரன்_87:

ஆமா டாக்டர், சொந்த அத்தை பொண்ணுதான். இத கேட்டதும் கைகாலு உதறுது. லேப்ல பேசிட்டேன், ரத்தம் இருக்காம், போடறேன்னுட்டாங்க. நான் இப்பவே கெளம்பறேன். தங்கவேல் ஐயா, நீங்க நல்ல மனசோட சொன்னீங்க, கோவிச்சுக்காதீங்க.

பாதாலஜி_பிஜி:

உதற வேண்டாம். அவங்களுக்கு அவங்க அப்பா பக்கத்துலேர்ந்தும் வந்திருக்கலாமே, அப்படின்னா உங்களுக்கும் அதுக்கும் தொடர்பே இல்ல. அத்தை வழியா வந்திருந்தா உங்க அப்பாவுக்கும் பாதிக்கு பாதி சான்ஸ், அவர்கிட்டேர்ந்து உங்களுக்கு வர்றதுக்கு அதுல பாதி. எல்லாத்தையும் சேத்து பாத்தா எட்டுல ஒண்ணு மாதிரி வரும். அசல்ல கட்டினவங்கள விட கூடதான், ஆனா எட்டுல ஏழு உங்க பக்கம்.

ரெண்டு_பொண்ணு_அம்மா:

தம்பி, நாங்க ரெண்டு பேருமே கேரியர், அதனால சொல்றேன். எனக்கும் உங்க வொய்ஃப் கததான், காலேஜ் வரைக்கும் இரும்பு டானிக், ஊசி வேற போட்டாங்க, யாரும் எம்சிவிய திரும்பிகூட பாக்கல. மொத கர்ப்பத்துல ஒரு வயசான லேடி டாக்டர்தான் பழைய ரிப்போர்ட் எல்லாத்தையும் வரிசையா வெச்சு பாத்துட்டு, இவ்ளோ வருசம் இரும்பு சாப்ட்டும் ஏறலன்னா இது இரும்பு பிரச்சன இல்லம்மான்னு சொல்லி ரெண்டு பேரையும் டெஸ்டுக்கு அனுப்புனாங்க. ரெண்டு பேருக்கும் ஏ2 5க்கு மேல.

ஒருவேள உங்களுக்கும் அப்படி வந்துட்டா என்ன நடக்கும்னு சொல்றேன், தெரிஞ்சு வெச்சுக்கங்க, தெரியாம இருட்டுல நிக்கறதுதான் கொடும. மொதல்ல உங்க ரெண்டு பேர் ரத்தத்துலயும் எந்த எடத்துல மரபணு மாறிருக்குன்னு டிஎன்ஏ டெஸ்ட் பண்ணுவாங்க. அப்பறம் சிவிஎஸ்னு ஒண்ணு, 11 வாரத்துக்கு மேல ஸ்கேன் பாத்துட்டே வயித்து வழியா ஊசி விட்டு நஞ்சுக்கொடிலேர்ந்து துளி எடுப்பாங்க, குழந்தைய தொட மாட்டாங்க. அந்த நேரத்த விட்டுட்டா 15 வாரத்துக்கு மேல பனிக்குட தண்ணி எடுத்து பாப்பாங்க. ரெண்டுலயும் கருக்கலைய சின்ன ரிஸ்க் இருக்கு, கையெழுத்து வாங்கிட்டுதான் பண்ணுவாங்க. பெரியவ வயித்துல இருக்கும்போதும் பண்ணோம், சின்னவளுக்கும் பண்ணோம். பெரியவ என்ன மாதிரியே கேரியர், சின்னவளுக்கு ஒண்ணுமே இல்ல.

டெஸ்ட் எடுக்க போன எடத்துல மேஜர் உள்ள புள்ளைங்கள பாத்திருக்கேன். பொறக்கும்போது நல்லாதான் பொறக்கும், மொதல்ல எஃப் வகை ஹீமோகுளோபின் காப்பாத்திடும், ஆறு மாசத்துக்கு மேலதான் வெளிற ஆரம்பிக்கும். அப்பறம் ரெண்டு வாரம் நாலு வாரத்துக்கு ஒருக்க ரத்தம் ஏத்தணும், ஏத்தற ரத்தத்துலேர்ந்து சேர்ற இரும்ப வெளியேத்த தனியா மருந்து சாப்டணும். அண்ணன் தங்கச்சி யாருக்காவது பொருந்தினா எலும்பு மஜ்ஜை மாத்தி குணப்படுத்த முடியும், நம்ம வேலூர் சிஎம்சில 1986லயே பண்ணிருக்காங்க, ஆனா எல்லா வீட்லயும் பொருந்தற ஆள் கெடைக்கறது இல்ல.

வொய்ஃப்கிட்ட மறைக்காதீங்க தம்பி. அவங்க ரிப்போர்ட்டு, அவங்க தெரிஞ்சுக்கணும்ல.

கூடலூர்_மலை:

இந்த த்ரெட்ல ஒண்ணு சேக்கறேன். யாராவது "எனக்கு சிபிசி நார்மல், எம்சிவி 88, அப்பறம் எதுக்கு ஹெச்பிஎல்சி"ன்னு கேட்டா விட்டுடாதீங்க. எங்க நீலகிரி பக்கம் பனியர், இருளர், குறும்பர் மக்கள் மத்தில சிக்கிள் செல், அதாவது சிவப்பணு அருவாள் மாதிரி வளையற பரம்பரை ரத்தக் கோளாறு, இருக்கு. இந்தியாவுலயே மொத மொதல்ல சிக்கிள் செல் இருக்கறத கண்டுபிடிச்சது இந்த மலைல உள்ள பழங்குடி மக்கள்கிட்டதான், 1952ல. சிக்கிள் ட்ரெய்ட் உள்ளவங்களுக்கு சிபிசி சுத்தமா நார்மலா இருக்கும், அணு சைஸ் குறையாது, ஸ்மியர்லயும் அருவாள் மாதிரி வளைஞ்ச அணு தெரியாது. ஹெச்பிஎல்சிலயோ எலெக்ட்ரோஃபோரெசிஸ்லயோதான் எஸ்னு ஒரு வகை தனியா தெரியும்.

அப்பா சிக்கிள் ட்ரெய்ட், அம்மா பீட்டா தாலசீமியா ட்ரெய்ட்டுன்னா குழந்தைக்கு ரெண்டும் சேந்து சிக்கிள் பீட்டா தாலசீமியான்னு வரலாம், அதுவும் சின்ன விஷயம் இல்ல, எலும்பு வலி வந்து துடிக்கும். வடகிழக்குலேர்ந்து கல்யாணம் பண்ணினா ஹெச்பி ஈன்னு இன்னொண்ணு, அதுவும் இதே கததான். 2023 ஜூலைல மத்திய அரசு சிக்கிள் செல் ஒழிப்பு திட்டம் ஆரம்பிச்சதுலேர்ந்து பழங்குடி கிராமங்கள்ல டெஸ்ட் எடுத்து கார்டு குடுக்கறாங்க. கார்டு வாங்கி பீரோல வெச்சிட்டு, பொண்ணு மாப்ள பேசும்போது எடுத்து பாக்காம விட்டா என்ன பிரயோஜனம்னு நாங்க சொல்லிட்டேதான் இருக்கோம்.

தங்கவேல்_ரிட்டயர்டு:

தம்பி நான் கோவிச்சுக்கல. எனக்கும் சிபிசி எடுத்த ரிப்போர்ட் இருக்கு, ஹீமோகுளோபின் 9.8, எம்சிவி 71, ஆர்பிசி 3.9. வயசு 66. அந்த வகுத்தல் கணக்கு போட்டேன், 18 வருது. அப்ப எனக்கு இரும்பு குறைவுதானே? பேரீச்சம்பழம் போதும்ல?

பாதாலஜி_பிஜி:

ஐயா போதாது. உங்க வயசுல ஆம்பளைக்கு இரும்பு குறையுதுன்னா சாப்பாட்டுல குறை தேடறதுக்கு முன்னாடி ரத்தம் எங்கயோ கசியுதான்னு பாக்கணும். வயித்துப்புண், மூலம், மூட்டு வலிக்கு தெனம் மாத்திரை போடற பழக்கம், சில சமயம் குடல்ல கட்டி. மலம் கறுப்பா போகுதான்னு கவனிங்க, ஆனா இரும்பு மாத்திரை சாப்ட்டாலும் கறுப்பா போகும், அதனால மாத்திரை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கவனிங்க. இந்த வாரத்துலயே ஒரு டாக்டர பாத்து ஃபெரிட்டின் எடுத்துட்டு, எண்டோஸ்கோப்பி, கொலனோஸ்கோப்பி வேணுமான்னு கேளுங்க. இத தள்ளிப் போடாதீங்க.

வயலட்_மூடி:

ஐயா, ஃபெரிட்டின் எடுக்கற அன்னைக்கு காய்ச்சல், சளி இருந்தா டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. உடம்புல எங்கயாவது வீக்கம், இன்ஃபெக்‌ஷன் இருந்தா ஃபெரிட்டின் ஏறி காட்டும், உள்ள இரும்பு இல்லன்னாலும் நார்மல்னு வந்துரும்.

நெல்லைக்காரன்_87:

அப்டேட் நண்பர்களே. ரெண்டு பேர் ரிசல்ட்டும் வந்துருச்சு. அவளுக்கு ஏ2 5.3, ரிப்போர்ட்ல பீட்டா தாலசீமியா ட்ரெய்ட்னே போட்டுட்டாங்க. ஃபெரிட்டின் 41. எனக்கு ஹெச்பி 14.6, எம்சிவி 87, ஏ2 2.6, அப்நார்மல் பீக் எதுவும் இல்லன்னு இருக்கு. டாக்டரும் பாத்துட்டு குழந்தைய பத்தி பயப்பட வேண்டாம்னு சொல்லிட்டாங்க. ஃபோலிக் ஆசிட் டோஸ் கூட்டி எழுதிருக்காங்க, இரும்பு மாத்திரை நிறுத்த வேண்டாம், இப்ப சாதாரண டோஸ் போதும், ஃபெரிட்டின் பாத்துட்டே போலாம், ஹெச்பி ஏறலன்னு டோஸ கூட்டிட்டே போகவோ ஊசி போடவோ கூடாதுன்னாங்க. அவகிட்ட முன்னாடியே சொல்லிட்டேன், அக்கா சொன்ன மாதிரி. என்ன விட அவதான் தைரியமா இருந்தா, "அப்ப ஸ்கூல்ல தின்ன மாத்திரையெல்லாம் வேஸ்டா"ன்னுதான் கேட்டா.

இப்ப வேற ஒரு கேள்வி. மச்சினிக்கு மாப்ள பாத்துட்டு இருக்காங்க. அவளும் டெஸ்ட் எடுக்கணுமா? எடுத்து ட்ரெய்ட்னு வந்தா மாப்ள வீட்ல சொல்லணுமா? அத்தை இத கேட்டதுலேர்ந்து, வெளில தெரிஞ்சா கல்யாணம் நின்னுடும், யாரும் வாய தெறக்க கூடாதுன்னு ஒரே பொலம்பல்.

ரெண்டு_பொண்ணு_அம்மா:

எடுக்கணும் தம்பி, அக்காவுக்கு இருந்தா தங்கச்சிக்கு பாதிக்கு பாதி. அத்தைகிட்ட இத வியாதின்னு சொல்லி ஆரம்பிக்காதீங்க. மச்சினிக்கு ஒண்ணும் ஆகப்போறது இல்ல, வரப்போற மாப்ளைக்கும் இருக்கான்னு மட்டும்தான் பாக்கணும். ரத்த குரூப் கேக்கற மாதிரி ரெண்டு பக்கமும் ஹெச்பிஎல்சி எடுத்துக்கலாம்னு பேச்சோட பேச்சா கேக்க சொல்லுங்க, மாப்ளைக்கு நார்மல்னா அதோட முடிஞ்சது. ரெண்டு பேருக்கும் இருந்தா கூட கல்யாணத்த நிறுத்தணும்னு இல்ல, நாங்க இல்லயா, ஆனா தெரிஞ்சு பண்ணணும். மறைச்சு கட்டிக்குடுத்து அப்பறம் வயித்துல புள்ளையோட தெரிஞ்சா, அன்னைக்கு பேச்சு வாங்கப்போறது மச்சினிதான், அத்தை இல்ல.

பாதாலஜி_பிஜி:

அக்கா சொன்னதோட ஒண்ணு. மச்சினிக்கு எம்சிவி 78க்கு மேல, எம்சிஹெச் 27க்கு மேல, ஏ2வும் நார்மல்னு வந்தா அவங்கள விட்டுடலாம். எம்சிவி கம்மியா இருந்து ஏ2 3.4, 3.6ன்னு நடுவுல வந்து நின்னா மட்டும் அவசரப்பட்டு எந்த பக்கமும் முடிவு பண்ணாதீங்க, இரும்பு குறைவு இருக்கான்னு பாத்து சரி பண்ணிட்டு மறுபடி எடுக்கணும், இல்ல டிஎன்ஏ டெஸ்டுக்கு போகணும். அப்படியே அத்தை மாமா ரெண்டு பேருக்கும் ஒரு சிபிசி போட்டுடுங்க, எந்த பக்கத்துலேர்ந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா உங்க சித்தப்பா, பெரியப்பா பசங்களுக்கு சொல்லணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணலாம்.

நெல்லைக்காரன்_87:

மாமா குடுத்துட்டு வந்துட்டாரு, அத்தை மட்டும் ஊசின்னா ஆகாதுன்னு அடம். ஞாயித்துக்கிழமை எல்லாரும் வீட்டுக்கு வர்றாங்க, அன்னைக்கு கூட்டிட்டு போறேன். தங்கவேல் ஐயா, டாக்டர பாத்தீங்களா?